பிணவறைக் கதவைத் தட்டிய விமானி

விழுந்தார், மறுபடியும் படித்தார், பறந்தார்! வீரர் இந்திரலால் ராயின் கதை

பிரான்சு நாட்டில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரி. 1917-ம் ஆண்டு, டிசம்பர் மாதக் குளிர்.

ஆஸ்பத்திரியின் ஒரு பக்கத்தில் பிணவறை இருந்தது. போரில் இறந்தவர்களின் உடல்கள் அதற்குள் கிடந்தன. கதவு வெளியே பூட்டியிருந்தது.

திடீரென்று உள்ளே இருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது!

காவலுக்கு நின்றவருக்கு உடம்பு நடுங்கியது. செத்தவர்கள் எழுந்து வந்து கதவைத் தட்டுவார்களா? திறப்பதற்கே அவருக்குப் பயம்.

மறுபடியும் சத்தம். யாரோ பிரெஞ்சு மொழியில் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த அரைகுறை பிரெஞ்சு அது.

கடைசியில் கதவு திறந்தது. உள்ளே உயிரோடு நின்றவர் ஓர் இந்திய வாலிபர்! அந்த வாரத்தில்தான் அவருக்கு 19 வயது நிறைந்திருந்தது.

விமானத்தைத் தரையில் இறக்கும்போது விபத்து நேர்ந்தது. அவர் நினைவிழந்தார். செத்துவிட்டார் என்று எண்ணி, அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள்.

இந்திரலால் ராயின் வரலாற்றைச் சொல்லுகிறவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் சம்பவம் இது.

யார் இந்த இந்திரலால்? கல்கத்தாவில் பிறந்தவர் பிரான்சு நாட்டுக்கு எப்படிப் போனார்? சாவின் வாசலில் இருந்து திரும்பிய பிறகு என்ன செய்தார்?

வக்கீல் வீட்டுப் பிள்ளை

இந்திரலால் 1898-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார். வீட்டில் அவருடைய செல்லப் பெயர் "லாடி".

அவருடைய தந்தை பியாரிலால் ராய், பெரிய பாரிஸ்டர். தாயார் லலிதா ராய். கிழக்கு வங்காளத்தில் பாரிசால் ஜில்லாவைச் சேர்ந்த குடும்பம். அந்த ஊர் இப்போது வங்காளதேசத்தில் இருக்கிறது.

பிள்ளைகளின் படிப்புக்காக அந்தக் குடும்பம் லண்டனில் தங்கியது. லலிதா வீட்டுக்குள் அடங்கிக் கிடந்தவர் அல்ல. பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று லண்டனில் பெண்கள் போராடிய காலம் அது. 1911-ம் ஆண்டில் அவர்கள் நடத்திய பெரிய ஊர்வலத்தில், சேலை கட்டிய இந்தியப் பெண்களும் நடந்து போனார்கள். அவர்களில் லலிதாவும் ஒருவர்.

அப்படிப்பட்ட தாயின் பிள்ளை, இந்திரலால்.

அவர் லண்டனில் செயிண்ட் பால் பள்ளிக்கூடத்தில் படித்தார். படிப்பில் கெட்டிக்காரர். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் படிக்க உதவிச் சம்பளமும் கிடைத்தது.

அந்த வழியே போயிருந்தால், பெரிய உத்தியோகத்தில் அமர்ந்து சவுகரியமாக வாழ்ந்திருக்கலாம்.

ஆனால், 1914-ம் ஆண்டில் முதல் உலகப்போர் தொடங்கிவிட்டது. இங்கிலாந்தும் பிரான்சும் ஒரு பக்கம். ஜெர்மனி எதிர்ப்பக்கம்.

இந்திரலால் அப்போது பள்ளி மாணவர். பள்ளிக்கூடத்து மாணவர் படையில் அவர் சேர்ந்திருந்தார். பதுங்கு குழியில் இருந்து சுடுகிற சிறு பீரங்கி ஒன்றுக்கு வரைபடம் தயாரித்து, போர் இலாகாவுக்கே அனுப்பிவைத்தார். எந்திரங்களின் மேல் அவருக்கு அவ்வளவு ஆசை.

அந்த நாளில் எல்லா எந்திரங்களிலும் புதிய எந்திரம் ஆகாய விமானம். அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் முதன்முதலாக விமானத்தில் பறந்தது 1903-ம் ஆண்டு. போர் தொடங்கும்போது அதற்கு வயது 11 தான்!

மோட்டார் சைக்கிளை விற்றார்

விமானி ஆகவேண்டும் என்று இந்திரலால் மனுப் போட்டார்.

டாக்டர்கள் பரிசோதித்தார்கள். கண் பார்வை போதாது என்று சொல்லி, திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வேறு யாராக இருந்தாலும், தலைவிதி என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். இந்திரலால் போகவில்லை.

அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதை விற்றார். அந்தப் பணத்தைக் கொண்டு, இங்கிலாந்தின் பேர்பெற்ற கண் டாக்டர் ஒருவரிடம் போனார். மறுபடியும் கண்களைப் பரிசோதித்துக்கொண்டார்.

பார்வையில் குறை இல்லை என்று அந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார். முதலில் சொன்ன முடிவு ரத்தாயிற்று!

1917-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அவர் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார். ஜூலை மாதம் அதிகாரி ஆனார்.

இந்தியா அப்போது அடிமை நாடு. விமானி உத்தியோகம் இந்தியருக்குச் சுலபமாகக் கிடைக்கக்கூடியது அல்ல. அந்தப் போரில் பிரிட்டிஷ் படையில் விமானியாகப் பறந்த இந்தியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஹர்தித் சிங் மாலிக், வெலிங்கர், எரோல் சென் ஆகியோர் மற்றவர்கள்.

ஏறுவது எளிது, இறங்குவது அரிது

விமானத்தை மேலே கிளப்புவதைவிட, கீழே இறக்குவதுதான் கடினமான வித்தை.

நிறைகுடத்தைத் தலையில் தூக்கி வருகிற பெண்ணைப் பாருங்கள். நடக்கும்போது குடம் அசையாது. தலையில் இருந்து இறக்கி வைக்கும் அந்த ஒரு நொடியில்தான் தண்ணீர் தளும்பும். விமானத்தின் கதையும் அதுவே.

விமானம் காற்றில் மிதப்பதற்கு வேகம் வேண்டும். இறங்குவதற்கோ வேகத்தைக் குறைக்கவேண்டும். அதிக வேகத்தோடு தரையைத் தொட்டால், பந்து போலத் துள்ளும். வேகம் அளவுக்கு மேல் குறைந்துவிட்டால், இறக்கைகள் தாங்கும் சக்தியை இழக்கும். விமானம் கல் போல விழும்.

இந்த இரண்டுக்கும் நடுவே இறக்கவேண்டும்.

இந்திரலால் ஓட்டிய விமானத்தின் பெயர் எஸ்.இ.5ஏ. ஒருவர் மட்டும் உட்காரக்கூடியது. மரச் சட்டங்களின் மேல் துணியை இழுத்துக் கட்டிச் செய்த இறக்கைகள். மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு. எந்திரத்தின் சக்தி சுமார் 200 குதிரை. அந்த நாளில் அது மிக வேகமான விமானங்களில் ஒன்று.

விமானி எந்திரத்துக்குப் பின்னால் உட்காருவார். இறங்கும்போது மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். எதிரே இருக்கும் தரை மறைந்துவிடும். பக்கவாட்டில் எட்டிப் பார்த்து, உயரத்தை மனத்தால் அளந்துகொண்டு இறக்கவேண்டும்.

சக்கரங்களுக்குப் பிரேக் கிடையாது. வாலின் அடியில் உள்ள கட்டை தரையில் உராய்ந்து உராய்ந்துதான் விமானம் நிற்கும். ஓடுபாதையும் இல்லை. வெறும் புல்வெளி!

பிரிட்டிஷ் விமானிகளுக்குப் பாராசூட்டும் கொடுக்கப்படவில்லை.

பயிற்சியும் சொற்பம். ஆசிரியரோடு சில மணி நேரம் பறந்துவிட்டு, பிறகு தனியாகப் பறக்கவேண்டியதுதான். எந்திரத்தின் இரைச்சலில் ஆசிரியர் சொல்வது மாணவர் காதில் விழாது. எதிரியைக் கண்ணால் பார்க்கும் முன்பே, பயிற்சி விபத்திலேயே உயிரை விட்ட வாலிபர்கள் ஏராளம்.

1917-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி புதுமுறைப் பயிற்சி ஒன்றைக் கொண்டுவந்தார். காஸ்போர்ட் என்ற ஊரில் அவருடைய பள்ளி நடந்தது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் தனித்தனியே விமானத்தை ஓட்டும் கருவிகள். பேசுவதற்கு ஒரு குழாய். ஆபத்தைக் கண்டு ஒதுங்காமல், ஆபத்தில் சிக்கினால் எப்படி மீள்வது என்றே அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். அந்த முறை மெல்ல மெல்லத்தான் மற்றப் பள்ளிகளுக்குப் பரவியது.

விழுந்த நாள்

1917-ம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில் இந்திரலால் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார். 56-வது படைப்பிரிவில் அவருக்கு இடம். புகழ்பெற்ற விமானிகள் பலர் இருந்த பிரிவு அது. அவருடைய குழுவுக்குத் தலைவர் காப்டன் ரிச்சர்டு மேபெரி.

பயிற்சி முடித்து வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை.

டிசம்பர் 6-ந் தேதி. இந்திரலாலின் பிறந்தநாள் முடிந்து நான்கு நாட்கள்.

அவருடைய விமானம் இறங்கும்போது தரையில் மோதியது.

தொடக்கத்தில் சொன்ன பிணவறைச் சம்பவம் இந்த விபத்தை ஒட்டிச் சொல்லப்படுவதுதான்.

உயிர் பிழைத்தார். ஆனால், உடம்பு நொறுங்கிப் போயிருந்தது. அவரைச் சிகிச்சைக்காக அனுப்பிவிட்டார்கள்.

அதே டிசம்பர் 19-ந் தேதி, அவருடைய குழுத் தலைவர் மேபெரி போரில் மாண்டார். விபத்து நேராமல் இருந்திருந்தால், இந்திரலாலும் அந்த மாதத்திலேயே இறந்திருப்பாரோ என்னவோ! விதியின் கணக்கை யார் அறிவார்?

படுக்கையே பள்ளிக்கூடம்

உடம்பு தேறுவதற்கு மாதக்கணக்கில் ஆயிற்று.

வேலை இல்லாமல் படுத்திருக்கும் மனிதனுக்கு மனமே எதிரி. விழுந்த காட்சி திரும்பத் திரும்பக் கண் முன்னே வரும். விபத்துக்குப் பிறகு விமானத்தின் பக்கமே தலை வைத்துப் படுக்காதவர்கள் உண்டு. அது குற்றமும் ஆகாது.

இந்திரலால் பென்சிலையும் காகிதத்தையும் எடுத்தார். படம் வரைந்தார்.

என்ன படம்? விமானங்களின் படம்!

விமானம் எழும்புவது, திரும்புவது, சாய்வது, வானத்தில் சண்டை போடுவது என்று ஒவ்வொன்றாக வரைந்தார். அந்தப் படங்கள் பல இன்றும் அழியாமல் இருக்கின்றன.

தம்மை வீழ்த்திய எந்திரத்தையே அவர் உட்கார்ந்து வரைந்தார். வரைய வேண்டுமானால் உற்றுப் பார்க்கவேண்டும், நினைத்துப் பார்க்கவேண்டும். பயந்து கண்ணை மூடிக்கொள்கிறவரால் படம் வரைய முடியாது.

மறுபடியும் மாணவர்

உடம்பு ஓரளவு தேறியது. ஆனால், பறப்பதற்குத் தகுதி இல்லை என்று டாக்டர்கள் எழுதிவிட்டார்கள். முன்பு கண் பார்வை தடையாக இருந்தது. இப்போது உடல்நிலை தடையாக நின்றது.

இந்த முறை விற்பதற்கு மோட்டார் சைக்கிள் இல்லை. மேலதிகாரிகளிடம் மன்றாடினார். மீண்டும் மீண்டும் கேட்டார். விடவே இல்லை.

முதலில் அவர் பயிற்சிக்குத் திரும்பவேண்டியிருந்தது. போர்முனையைப் பார்த்துவிட்டு வந்தவர், புதிதாகச் சேர்ந்தவர்களோடு சேர்ந்து மறுபடியும் பாடம் படிப்பது என்றால் எளிதா? பத்தாம் வகுப்புப் பையனை ஐந்தாம் வகுப்பில் உட்கார வைப்பது போன்றது அது.

இந்திரலால் கவுரவம் பார்க்கவில்லை. படித்தார்.

கடைசியில் டாக்டர்களும் இணங்கினார்கள். 1918-ம் ஆண்டு ஜூன் மாதம் அவர் மறுபடியும் பிரான்சுக்குப் போனார். இந்த முறை 40-வது படைப்பிரிவு.

அங்கே அவருக்கு நல்ல ஆசிரியர் ஒருவர் கிடைத்தார். காப்டன் ஜார்ஜ் மெக்கெல்ராய் என்ற ஐரிஷ்காரர். 40-க்கு மேற்பட்ட எதிரி விமானங்களை வீழ்த்தியவர். அவருடைய குழுவில் இந்திரலால் சேர்ந்தார்.

இரண்டு வாரத்தில் பத்து

ஜூலை 6-ந் தேதி இந்திரலால் தமது முதல் வெற்றியைக் கண்டார். ஜெர்மானிய விமானம் ஒன்று அவருக்குத் தோற்றது.

ஜூலை 8-ந் தேதி ஒரே நாளில், நான்கு மணி நேரத்துக்குள் மூன்று விமானங்கள்!

ஜூலை 13-ந் தேதி இரண்டு. ஜூலை 15-ந் தேதி இரண்டு. ஜூலை 18-ந் தேதி ஒன்று. மறுநாள் 19-ந் தேதி இன்னொன்று.

இரண்டு வாரத்துக்குள் பத்து வெற்றிகள். மற்ற விமானிகளோடு சேர்ந்து வீழ்த்தியவையும் இந்தக் கணக்கில் அடங்கும். ஐந்து விமானங்களை வீழ்த்தியவரை "ஏஸ்" என்று சொல்வது விமானப்படை வழக்கம். அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் இந்திரலால்.

ஏழு மாதத்துக்கு முன்னால் விமானத்தை இறக்கும்போது விழுந்தவர் இவரேதான்!

ஒன்றையும் மறக்கக்கூடாது. வீழ்ந்த ஒவ்வொரு விமானத்திலும் ஒரு தாய் பெற்ற பிள்ளை இருந்தான். ஜெர்மனியிலும் தாய்மார்கள் தந்திக்காரனைக் கண்டு நடுங்கினார்கள். போரின் கணக்கில் ஒருவருடைய வெற்றி, இன்னொருவர் வீட்டின் ஒப்பாரி.

அந்தத் தந்தி, லண்டனில் ஓர் இந்தியத் தாயின் வீட்டுக்கும் போகவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசிப் பயணம்

1918-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி. கடைசி வெற்றி கிடைத்து மூன்று நாட்களே ஆகியிருந்தன.

இந்திரலால் காவல் சுற்றி வரப் புறப்பட்டார். பிரான்சில் கார்வின் என்ற ஊருக்கு மேலே ஜெர்மானியரின் போக்கர் விமானங்கள் எதிர்ப்பட்டன. வானத்தில் கடுமையான சண்டை நடந்தது.

இந்திரலாலின் விமானம் தீப்பற்றியது. எரிந்துகொண்டே கீழே விழுந்தது.

இந்தத் தடவை அவர் கதவைத் தட்டவில்லை.

அவருக்கு வயது 19. இருபதாவது பிறந்தநாளுக்கு நான்கு மாதத்துக்குச் சற்று மேல் பாக்கி இருந்தது. அவர் மொத்தம் பறந்தது சுமார் 170 மணி நேரந்தான்.

ஒன்பது நாள் கழித்து, ஜூலை 31-ந் தேதி, அவருடைய ஆசிரியர் மெக்கெல்ராயும் போரில் மாண்டார்.

நவம்பர் 11-ந் தேதி போர் நின்றது. இன்னும் நான்கு மாதம் தாண்டியிருந்தால், இந்திரலால் வீட்டுக்கு வந்திருப்பார்.

1918-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவருக்கு "டிஸ்டிங்குவிஷ்டு பிளையிங் கிராஸ்" என்ற வீரப் பதக்கம் அறிவிக்கப்பட்டது. அந்தப் பதக்கத்தை முதன்முதலில் பெற்ற இந்தியர் அவர்தான். பதக்கம் வந்தது. அணிந்துகொள்ள அவர் இல்லை.

பிரான்சில் எஸ்தெவேல் என்ற சிற்றூரின் இடுகாட்டில் இந்திரலாலின் கல்லறை இருக்கிறது. அந்த அயல்நாட்டு மண்ணில், அவருடைய கல்லறைக் கல்லில் பிரெஞ்சு எழுத்துகளோடு வங்காள எழுத்துகளும் இருக்கின்றன.

அவர் திறந்த கதவு

அவர் போரிட்டது அன்னிய ஆட்சிக்காகத்தானே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்திய வாலிபர்களுக்கு அன்று சொந்தக் கொடி இல்லை. சொந்த விமானப்படையும் இல்லை.

ஆனால், இந்தியர்களால் விமானம் ஓட்ட முடியுமா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு, இந்திரலாலும் அவரோடு பறந்த மற்ற இந்தியர்களும் பதில் கொடுத்துவிட்டார்கள்.

1932-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி இந்திய விமானப்படை அமைக்கப்பட்டது. அதன் முதல் விமானிகளில் ஒருவர் சுப்ரதோ முகர்ஜி. இந்திரலாலின் உறவினர். நாடு சுதந்திரம் அடைந்தபின், 1954-ம் ஆண்டில், விமானப்படைக்குத் தலைவரான முதல் இந்தியர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது.

இந்திரலாலின் அண்ணன் பரேஷ்லால் ராயும் அந்தப் போரில் பங்கு கொண்டவர். உயிரோடு நாடு திரும்பினார். இந்தியாவில் குத்துச்சண்டை விளையாட்டை வளர்த்து, அதன் தந்தை என்று பெயர் எடுத்தார்.

கல்கத்தாவில் பவானிப்பூர் பகுதியில் ஒரு சாலைக்கு இந்திரலாலின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. அவர் பிறந்து 100 ஆண்டு நிறைந்தபோது, 1998-ம் ஆண்டில், இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

பத்து விமானங்களை வீழ்த்தியதற்காக உலகம் அவரை நினைக்கிறது. ஆனால், நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது அது அல்ல.

விபத்துக்குப் பிறகு அவர் பென்சிலை எடுத்தாரே, அதைச் சொல்லவேண்டும். கவுரவம் பார்க்காமல் மறுபடியும் மாணவனாக உட்கார்ந்தாரே, அதைச் சொல்லவேண்டும்.

சைக்கிள் பழகும்போது விழாத பிள்ளை உண்டா? பரீட்சையில் ஒரு தடவை தவறுவதும் அப்படித்தான். விழுவது வெட்கம் அல்ல. ஏன் விழுந்தோம் என்று பார்க்கப் பயப்படுவதுதான் வெட்கம்.

19 வயதில் முடிந்துபோன வாழ்க்கை, இதை நமக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.